ஏகோஜியோடு வந்த சிப்பாயைத் தேடுகிறவர்களுக்கு

தஞ்சாவூரிலும் ஒரத்தநாடு, மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து ஊர்களிலும் வீட்டுக்குள் மராத்தியும் வாசற்படி தாண்டினால் தமிழுமாகப் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பெயரின் முடிவில் ராவ் இருக்கும். கொஞ்சம் நிலம் இருக்கும், அல்லது நிலம் இருந்த கதை இருக்கும். ‘நாம் படையோடு வந்தவர்கள்’ என்ற ஒரு வரி தாத்தா சொல்லி அப்பாவுக்கும், அப்பா சொல்லிப் பிள்ளைக்கும் வந்திருக்கும். யார் வந்தார், எப்போது வந்தார், எந்தத் தலைமுறையில் வாளை வைத்துவிட்டு ஏர் பிடித்தார் என்று கேட்டால் பேச்சு அந்த வரியைத் தாண்டி நகராது.

1673-ல் மதுரை நாயக்கர் படையிடம் தஞ்சை விஜயராகவ நாயக்கர் தோற்று மடிந்தார். பிறகு எழுந்த வாரிசுச் சண்டையில் தஞ்சை நாயக்கர் தரப்பினர் பீஜப்பூர் சுல்தானிடம் உதவி கேட்டுப் போனார்கள். சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி, சத்ரபதி சிவாஜிக்குச் சிற்றன்னை மகன். உதவிக்கு வந்தவரே 1675-76 வாக்கில் தஞ்சையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். 1855 வரை அவருடைய போன்ஸ்லே வம்சத்தின் பெயர் தஞ்சையில் நிலைத்தது. அரசர்களின் கதைக்குக் குறைவில்லை. இரண்டாம் சரபோஜி காலத்தில், 1803-ல், பெரிய கோயில் திருச்சுற்று மதிலிலேயே போன்ஸ்லே வம்ச சரித்திரத்தைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டார்கள். குதிரைக்குப் புல் போட்டவன், கோட்டை வாசலில் இரவெல்லாம் நின்றவன், கடைசியில் ஒரு துண்டு நிலம் பெற்று ஊரோடு ஊராகக் கலந்தவன் கதையை யாரும் கல்லில் வெட்டவில்லை. அது கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது. அதனால் இந்தத் தேடலை அரண்மனையில் தொடங்கக்கூடாது, வயலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கருத்திலிருந்து வருபவைதான்.

செய்ய வேண்டியவை

முதலில் வீட்டின் மூத்த பெண்களிடம் உட்காருங்கள். எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த ஊருக்குப் பெண் கொடுத்தோம், யார் பிரசவத்தில் போனாள், எந்தப் பிள்ளை சுவீகாரம் போனான் என்பதெல்லாம் ஆஜியிடம், அதாவது பாட்டியிடம்தான் கிடைக்கும். ‘நம் பூர்வீகம் என்ன?’ என்று பெரிய கேள்வியாகக் கேட்டால் அவர்களும் அந்த ஒற்றை வரியைத்தான் சொல்வார்கள். ‘உங்கள் மாமியாருக்கு எந்த மாதம், எந்தத் திதியில் திவசம்?’ என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும். திவசத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கோத்திரத்தையும் சொல்லியாக வேண்டும் என்பதால், மற்ற எல்லாம் மறந்த வீட்டிலும் அந்தப் பெயர்கள் தப்பியிருக்கும். வீட்டுப் புரோகிதரின் நோட்டிலும் பாருங்கள்.

கல்யாணத்துக்கு முன் குலச்சின்னமாக எந்தத் தேவக்கை வைத்துக் கும்பிட்டார்கள் என்று தவறாமல் கேளுங்கள். மராத்தியக் குலங்களுக்கு ஒரு மரக்கிளை, ஐந்திலைக் கொத்து, மயில் இறகு என்று ஏதாவது ஒன்று தேவக்காக இருக்கும். குலப்பெயர் மறைந்து வெறும் ராவ் ஆகிவிட்ட குடும்பத்திலும் கல்யாணச் சடங்கு மறைவதில்லை. குலதெய்வம் என்று இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். புன்னைநல்லூர் மாரியம்மன் இங்கே வந்தபின் சேர்ந்த தெய்வம். துளஜாபூர் பவானி, ஜெஜூரி கண்டோபா என்று இன்னொரு பெயர் வந்தால் அது கூடவே வந்த தெய்வம். பாட்டி மராத்தியில் பேசினால் அப்படியே பதிவு செய்யுங்கள். தஞ்சை மராத்தி பேசுகிற கடைசித் தலைமுறையாக அவர்கள் இருக்கக்கூடும்.

பட்டாவிலிருந்து பின்னோக்கி நடங்கள். குடும்பத்தில் இன்று இருக்கிற நிலத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்ட நிலமானாலும் பரவாயில்லை, எண் போதும். சிட்டா, ‘அ’ பதிவேடு, 1980களின் யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டு) திட்டப் பதிவு, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும். யு.டி.ஆர். சமயத்தில் பல சர்வே எண்கள் மாறின. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கினால்தான் நடுவில் வழி தவறாது. செட்டில்மென்ட் பதிவேட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் பட்டாதாரராக இருந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். 1860களின் பதிவுச் சட்டங்களுக்குப் பின் எழுதிய பத்திரங்கள் அங்கே பதிவாகியிருக்கும். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பல மடங்கு உயர்ந்தது. அண்ணன் தம்பிகள், இறந்த சகோதரனின் விதவை, மைனர் பிள்ளைக்குக் கார்டியன் என்று ஒரு குடும்பமே வரிசையாக அதில் வந்து நிற்கும். பழைய பத்திரங்களில் ‘இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஜாதி, ஜீவனம் எல்லாம் எழுதும் வழக்கம் இருந்தது. அந்த ஒரு வரியில் ஊர், தகப்பன் பெயர், தொழில் மூன்றும் கிடைத்துவிடும். சொத்து விவரத்தில் நான்கு எல்லை சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரர் பெயர்கள் வரும். அவர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பரப்பு வேலி, மா, குழி என்று இருக்கும். 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

கிராமக் கணக்கர் பதவியை 1980-ல் அரசு ஒழித்தது. பரம்பரையாகக் கணக்கு எழுதிவந்த வீடுகளில் அன்று தங்கிவிட்ட சுவடிகளும் நோட்டுகளும் சில இடங்களில் இன்னும் உண்டு. உங்கள் ஊரின் பழைய கணக்குப்பிள்ளை குடும்பத்தைத் தேடிப் போய் மரியாதையாகக் கேளுங்கள். தஞ்சை மாவட்டம் 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரிந்ததையும் நினைவில் வையுங்கள். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிற ஊரின் பழைய தாள் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இருக்கலாம்.

நிலக் கணக்கை நம்பி முன்னோரைத் தேடுவது உலகெங்கும் கைகொடுத்த வழி. 1922 ஜூன் கடைசியில் அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குத் தாள்களில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. சிப்பாயாகக் கப்பலேறி அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ நிலம் வாங்கி உழவராகத் தங்கிவிட்ட ஐரிஷ்காரரின் பேரப்பிள்ளைகள், அவருடைய சொந்த ஊரைத் தேடும்போது இன்று பெரிதும் இரண்டை நம்புகிறார்கள். ஒன்று படை ஓய்வூதியத் தாள்கள். மற்றொன்று 1847-க்கும் 1864-க்கும் இடையில் வரி விதிப்பதற்காகத் தொகுத்த கிரிஃபித் மதிப்பீடு என்ற நிலப் பட்டியல். வரிக்காக எழுதிய பெயர்கள் அங்கே குடும்பங்களைக் காப்பாற்றின. காவிரிப் படுகையில் நிலவரிக் கணக்கு அதைவிட ஆழமானது.

இனாம் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். சிப்பாய்க்கோ அவர் சந்ததிக்கோ மானியமாக நிலம் கிடைத்திருந்தால் அதன் தடயம் இருக்க வேண்டிய இடம் இதுதான். 1858-ல் ஆங்கில அரசு இனாம் கமிஷன் அமைத்தது. வரியில்லாமலோ குறைந்த வரியிலோ நிலம் அனுபவித்த ஒவ்வொருவரிடமும், இது உனக்கு எப்படி வந்தது என்று விசாரித்து எழுதினார்கள். கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, முதலில் பெற்றவர் பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயர், அவர் வயது, வசிக்கும் ஊர், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, வாரிசுகள் யார் என்று அந்தப் பதிவேட்டில் பத்திகள் உண்டு. ஒரே வரியில் மூன்று நான்கு தலைமுறை அடங்கிவிடும். ஊர்ப் பெயர், தாலுகா, முடிந்தால் இனாம் பட்டய எண் ஆகியவற்றோடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பியுங்கள். தாலுகா எல்லைகளும் மாறியிருப்பதால் அக்காலத் தாலுகாவின் பெயரைக் கொடுங்கள். பதிவேட்டில் உங்கள் ஊர் முழுவதையும் படியுங்கள், உங்கள் குடும்ப வரியோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து வரியில் இருக்கிற பெண் பெயர் உங்கள் கொள்ளுப்பாட்டியுடையதாக இருக்கலாம்.

உங்கள் முன்னோர் எந்த அலையில் வந்தார் என்று கேளுங்கள். ‘ஏகோஜியோடு வந்தோம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். மராத்தியப் படைகள் தமிழ்நாட்டுக்குள் பல முறை வந்தன. ஏகோஜியின் படைக்கு முன்பே அவர் தந்தை ஷாஹாஜிக்குப் பெங்களூரில் ஜாகீர் இருந்தது. அதனால் ஏகோஜியின் படையில் ஒரு தலைமுறை கன்னட நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். 1677-ல் சிவாஜியே தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார்; கொள்ளிடக் கரைத் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். 1690களில் அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகைக்குள் செஞ்சியில் ஆண்டுக்கணக்காக இருந்தார். 1741-ல் ரகுஜி போன்ஸ்லேயின் படை திருச்சிராப்பள்ளியைப் பிடித்தது. முராரி ராவ் கோர்படே அங்கே 1743 வரை அதிகாரம் செய்தார். இந்த ஒவ்வொரு படையிலிருந்தும் திரும்பிப் போகாதவர்கள் உண்டு. வீட்டுப் பேச்சில் கன்னடச் சொல் கலந்திருந்தால், உறவினர் ஆரணியிலும் செஞ்சியிலும் இருந்தால், அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடிவழியில் ஓர் ஐரோப்பியச் சிப்பாய் தென்பட்டாலும் வியப்பில்லை. 1758 ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பிய பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போன ஒரு படைவீரரின் மகன். அவர் பெயரிலேயே இருந்த ஐரிஷ் ரெஜிமென்ட்டும் அவரோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பிய ரெஜிமென்ட்டில் தொடங்கிய ஒரு படைப்பிரிவு 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூஸிலியர்ஸ் ஆனது. அப்படிப்பட்டவரைத் தேட வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுதான் வழி. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

மோடி ஆவணங்களுக்கு அவசரப்படாமல் போங்கள், தயாராகிப் போங்கள். தஞ்சை மராத்திய அரசின் அன்றாடக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டன. பேனாவை எடுக்காமல் ஓட்டிச் செல்லும் எழுத்து அது. மராத்தி சரளமாகப் படிப்பவர்களாலும் பழக்கமில்லாமல் படிக்க முடியாது. தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஆயிரக்கணக்கான தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கட்டுக்குள் நுழையும் முன், தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கத் தொகுதிகளைப் படியுங்கள். கே.எம். வேங்கடராமையா அந்த ஆவணங்களிலிருந்து திரட்டி எழுதிய ‘தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்’ (1984) நூலையும் படியுங்கள். சம்பளம், கூலி, தானம், சத்திரச் செலவு, குதிரைத் தீவனம் வரை எந்த வகைச் செய்திகள் அந்தத் தாள்களில் வருகின்றன என்று தெரிந்துவிடும். ஊர்ப்பெயர், ஆண்டு, பதவி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கையில் இருந்தால்தான் மோடி படிக்கிறவரின் உதவியைக் கேளுங்கள். அப்படிப் படிப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் நேரம் அருமையானது. அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.

ஆண்டு எண்ணை மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சின்னப் பிழை ஒரு தலைமுறையையே இடம் மாற்றிவிடும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1270 என்றால் 1860-61. சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். மோடித் தாள்களில் சுஹூர் ஆண்டு அரபு எண் சொற்களால் வரும். அதோடு 599 கூட்டுங்கள். ஸபா மயாதைன் அலஃப் என்று இருந்தால் ஏழு, இருநூறு, ஆயிரம். அதாவது 1207, நமக்கு 1806-07. பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அது திரும்ப வரும். ஆளும் அரசர் பெயர், கலெக்டர் பெயர், பக்கத்துத் தாளின் தேதி என்று வேறு ஒரு சாட்சி இல்லாமல் எந்தச் சுற்று என்று முடிவு செய்யாதீர்கள்.

மூன்று ஆண்டுகளைச் சுவரில் எழுதி வையுங்கள்: 1781, 1799, 1855. 1781-ல் ஹைதர் அலியின் படை காவிரி நாட்டைச் சூறையாடியது, ஊர்கள் காலியாயின. அதற்கு முன் ஓர் ஊரிலும் பின் வேறு ஊரிலும் உங்கள் குடும்பம் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 1799 அக்டோபரில் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஸ்டார் பகோடாவும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. கோட்டைக்கு வெளியே அவருக்கு அதிகாரம் இல்லை. நாடு இல்லாத அரசருக்குப் படை எதற்கு? சிப்பாயாக இருந்தவர்கள் அரண்மனை ஊழியத்துக்கோ நிலத்துக்கோ திரும்ப வேண்டிய காலம் அது. 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரண்மனையையும் எடுத்துக்கொண்டது. அவருடைய ராணி காமாட்சி பாய் வழக்காடினார்; 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. பிறகு 1862-ல் குடும்பச் சொத்துகள் ராணிகளிடம் திரும்பின. இந்த இடைவெளியில் பிழைப்பு இழந்தவர்களின் மனுக்களையும் பென்ஷன் பட்டியல்களையும் தேடிப் பாருங்கள்.

நிலத்தை உழுதவர்களின் பெயரையும் எழுதுங்கள். நம் முன்னோர் ‘விவசாயி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மிராசுதாரராக இருந்த பலர் சேற்றில் இறங்கியதில்லை. இறங்கியவர்கள் பண்ணையாள்களும் குத்தகைக்காரர்களும். 1952-ன் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் அவர்களில் சிலருடைய பெயர்களைத் தாளில் ஏற்றின. உங்கள் நிலத்துக்கு எதிரே அந்தப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் சொல்லாததை அங்கே சொல்வார்கள். அதைக் கேட்கும் மனவலிமை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

செய்யக்கூடாதவை

போன்ஸ்லே வம்சத்தோடு ஒட்டவைக்காதீர்கள். இந்தத் தேடலைக் கெடுக்கிற முதல் ஆசை இதுதான். மேலிருந்து, அதாவது ஷாஹாஜியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிவந்து எங்காவது ஒரு கிளையில் தாத்தாவைச் சேர்த்துவிடுவது சுலபம். நடுவில் இரண்டு தலைமுறைக்கு ஆதாரம் இருக்காது. பெயர் ஒற்றுமை மட்டும் இருக்கும். சிவாஜி, ஷாஹாஜி, துளஜாஜி என்ற பெயர்களை அரச விசுவாசத்தால் சாதாரணக் குடும்பங்களும் பிள்ளைகளுக்கு வைத்தன. கீழிருந்து மேலே ஏறுங்கள். ஆதாரம் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். கோட்டைக் காவலர் ஒருவரின் பேரன் என்று சான்றோடு சொல்வது, அரசரின் பேரன் என்று சான்றின்றிச் சொல்வதைவிட மேலானது.

குலப்பெயர் ஒன்றானால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள். மோஹிதே, ஜாதவ், காட்கே, ஷிர்கே, மானே, பவார், கதம் என்ற பெயர்கள் மகாராஷ்டிரத்தின் எத்தனையோ ஊர்களில் உண்டு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சாதாராவுக்கோ கோலாப்பூருக்கோ ரயில் ஏறினால் அன்பாக வரவேற்பார்கள், சாப்பாடு போடுவார்கள். ஆனால் சான்று கிடைக்காது. தஞ்சைப் பக்கத்து ஆவணத்தில் ஊர்ப்பெயர் ஒன்று கிடைத்தபின் போங்கள். மரபணுச் சோதனையும் ஊர்ப்பெயர் சொல்லாது. அங்கே இருக்கிற உறவினரும் அதே சோதனையைச் செய்திருந்தால்தான் அது பொருத்தம் காட்டும். உறவுக்குள்ளேயே மணம் செய்த குடும்பங்களில் அந்தப் பொருத்தமும் உறவை உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டும்.

ராவ் என்று இருந்தாலே படைக்குடும்பம் என்று எண்ணாதீர்கள். தஞ்சையில் தேசஸ்த பிராமணர், மாத்வர், தெலுங்கர் எல்லோரிலும் ராவ் உண்டு. கும்பகோணத்து டபீர் தெருக்கள் படைத்தலைவர் பெயரால் வந்தவை அல்ல, அரசின் செயலர் பதவியால் வந்தவை. உங்கள் முன்னோர் வாள் பிடித்தவராக இல்லாமல் கணக்கு எழுதியவராகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் கையெழுத்தையே மோடித் தாளில் பார்க்கும் பாக்கியம் உங்களுக்கு உண்டு.

யாரையும் மறைக்காதீர்கள். சுவீகாரப் பிள்ளை, இரண்டாம் தாரம், கத்திக் கல்யாணம் செய்த பெண்ணின் மக்கள், வேறு ஜாதியில் மணந்து விலக்கப்பட்டவர் என்று ஒவ்வொரு குடும்பமும் சிலரை வம்சாவளியிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறது. தஞ்சை அரண்மனையில் வாளை முன்வைத்து நடந்த கத்திக் கல்யாணத்தில் பிறந்தவர்களின் உரிமை நீதிமன்றம் வரை போனது. 1924-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த கோலாப்பூர் மகாராஜா – சுந்தரமய்யர் வழக்கின் தீர்ப்பில் அந்தக் குடும்பத்தின் வரலாறும் வழக்கங்களும் பக்கம் பக்கமாக ஆராயப்பட்டன. அரச குடும்பமே வெளிப்படையாக விசாரிக்கப்பட்ட ஒன்றை நாம் எதற்கு ஒளிக்க வேண்டும்? சாதாரணக் குடும்பங்களின் சொத்து வழக்குகளும் மாவட்ட நீதிமன்றக் கட்டுகளில் இருக்கின்றன. பங்காளிகள் சண்டையிட்டபோது சொன்ன சாட்சியத்தைவிட விரிவான குடும்ப வரலாறு வேறெங்கும் கிடைப்பது அரிது. அதில் எதிர்த்தரப்பு சொன்னதையும் படியுங்கள்.

சுவையான கதையைச் சான்றாக எழுதாதீர்கள். சம்பாஜிக்காகச் சமைத்ததால் சாம்பார் என்று பெயர் வந்தது என்பதைத் தஞ்சையில் எல்லோரும் சொல்வார்கள். சமகால ஆதாரம் எதுவும் காட்ட மாட்டார்கள். ‘அரசரின் உயிரைக் காப்பாற்றியதால் இந்த நிலம் கிடைத்தது’ என்பதும் அந்த வகைதான். கதையைக் கதை என்று குறித்து, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். நிலம் விலைக்கு வாங்கியதாகவோ மனைவி வழியில் வந்ததாகவோ பத்திரம் சொன்னால் பத்திரத்தை நம்புங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, சர்வே எண் ஆகியவற்றைப் பொதுவில் போடாதீர்கள். நிலத் தகராறுக்கும் மோசடிக்கும் அது போதும்.

ஆய்வை ஜாதிப் பெருமைக்கு விற்காதீர்கள். சங்க மலருக்கு வம்சாவளி கேட்டு வருவார்கள். நடுவில் இருக்கிற சங்கடமான பெயர்களை எடுத்துவிட்டுத் தரச் சொல்வார்கள். முழுதாக வெளியிட்டால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பழைய காகிதத்தைச் சரிசெய்கிறேன் என்று கெடுக்காதீர்கள். லேமினேட் செய்தால் அதன் பிறகு அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை. செல்லோ டேப் ஒட்டிய இடம் பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். ஓலைச்சுவடியை வெயிலில் காயவைக்கக்கூடாது. மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதக்கூடாது. பகல் வெளிச்சத்தில், நேராக மேலிருந்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். மோடித் தாள்களில் பின்பக்கக் குறிப்பில் ஆண்டும் ஊரும் இருப்பதுண்டு. படிக்கத் தெரியாதவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

பரணில், இரும்புப் பெட்டியில், பூஜையறை அலமாரியின் அடித்தட்டில் உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு தாள் இருந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும்தான் இவை அழிகின்றன. மூலத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பிரதி ஒன்றைச் சரஸ்வதி மகாலுக்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். உங்கள் வீட்டுத் தாளில் இருக்கிற பெயர் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் பெயராக இருக்கலாம். ஐப்பசி மழை பிடிக்கும் முன் பரணைத் திறந்து பாருங்கள்.